ஒரேயொரு ரசிகரின் இரண்டு சங்கங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ரசிகர் இருந்தார். ஒருவர்தான். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், தலையை எண்ணித்தான் சொல்கிறேன்.

மேற்கு லண்டனில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. அணிகளுக்கு பஸ் ஒழுங்கு செய்வது, மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டியில் சேர்ப்பது, கூட்டங்களில் குறிப்பு எடுப்பது, அவ்வளவுதான். இந்த ஊரில் பல்கலைக்கழக விளையாட்டைப் பார்க்க ஒரு காக்காய் குருவியும் வராது. விளையாடுகிற பெடியங்களின் காதலிகள்கூட மழை தூறினால் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புதன்கிழமை தவறாமல் ஆண்கள் கரப்பந்தாட்டம், அதாவது வாலிபால், நடக்கும் மண்டபத்தில் ஒரு மனிதர் தன்னந்தனியாக உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "அது உங்கள் மொழி போலிருக்கிறது, என்ன சொல்கிறார் என்று கேட்டுவாருங்கள்" என்றாள்.

போனேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன மெத்தை ஒன்றைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பக்கத்தில் பிளாஸ்க், மிக்சர் பை. "விடாதை தம்பி! விடாதை! அடி!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் தம்பி என்று கூப்பிட்டது ஆறரை அடி உயரமான ஒரு போலந்துப் பெடியனை.

"அண்ணை, உங்கட ஆக்கள் ஆரும் விளையாடினமோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. நான் இங்கை கிளீனிங் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தனான். கேள்வி கேக்க வேண்டிய ஆள் வரேல்லை. எட்டிப் பாத்தால் இவங்கள் உயிரைக் குடுத்து விளையாடுறாங்கள், பாக்க ஒரு சனம் இல்லை. இருந்தன். இனி எப்பிடி எழும்பிப் போறது?"

"இன்டர்வியூ இண்டைக்கோ?"

"போன வருஷம்."

அலுவலகத்துக்குத் திரும்பி, "ரசிகர்" என்று மட்டும் சொன்னேன். மேலதிகாரி அந்தச் சொல்லைப் புதிதாகக் கேட்பவள் போல என்னைப் பார்த்தாள்.

அவர் சவுத்தாலில் ஓர் அறையில் இருந்தார். விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் வேலை, புதன் ஓய்வு. இதற்குமேல் அவருடைய சொந்தக் கதை எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டார். கேட்டவருடைய கதையைத் தோண்டி எடுத்து, அதில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று ஆராயத் தொடங்கிவிடுவார். என் மாமியாரோடு எனக்கிருந்த கோபதாபங்களை ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த மனிசிக்காக இப்ப ஆர் கதைக்கினம்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எனக்கு எரிச்சலில் காது சூடாகிவிட்டது.

அதுதான் அவருடைய வியாதி. எந்தப் பக்கமும் ஆளில்லாமல் இருக்க அவருக்குப் பொறுக்காது. எந்தப் பக்கம் நியாயம் என்ற கேள்வியெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

சட்டன் என்ற ஊரில் ஒரு கலியாணம். பெண் வீட்டாரின் அழைப்பில் அவரும் வந்திருந்தார், நானும் போயிருந்தேன். பெண் பக்கம் முந்நூறு பேர். மாப்பிள்ளை பக்கத்தில் தாய் தகப்பனுக்கே விசா கிடைக்கவில்லை, கூடவேலை செய்கிற பத்துப் பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த மனிதர் எழுந்து மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அதோடு விட்டாரா? பந்தியில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் வடை வரேல்லை! இதென்ன மரியாதை?" என்று சத்தம் போட்டார். பெண்ணின் சிற்றப்பா அவரைச் சம்பந்தி என்று நினைத்து இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். கூப்பிட்ட பெண்ணின் தகப்பன் அன்றைக்குப் பிறகு அவரோடு கதைக்கவேயில்லை. "கதைக்காட்டிப் போகட்டும். அந்தப் பெடியன் தனிய நிண்டவன்" என்றார்.

இன்னொரு தடவை அவருடைய ஊர்ச் சங்கத்தில் தலைவர் தேர்தல். ஒரே ஒருவர்தான் நின்றார். போட்டியில்லாமல் தெரிவானால் அந்த மனிதருக்கு என்ன கௌரவம் என்று இவர் எதிர்த்து நின்றார். நின்றதோடு வீடு வீடாகப் போய் எதிராளிக்கு வாக்குப் போடச் சொல்லிக் கேட்டார். தானும் அவருக்கே போட்டார். ஒரு வாக்குக்கூட இல்லாமல் தோற்றுவிட்டு, மண்டபத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

அதெல்லாம் சிரிக்கக்கூடியவை. என்னுடைய காருக்குத் தண்டச்சீட்டு எழுதிய கவுன்சில்காரனோடு நான் வீதியில் வாதாடிக்கொண்டிருந்தபோது இவர் அந்த வழியால் வந்தார். அப்பாடா, நம்முடைய ஆள் என்று நினைத்தேன். வந்தவர் கவுன்சில்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "பிள்ளை, அவன் பாவம், மழையுக்கை நிக்கிறான். நீர் காரை மஞ்சள் கோட்டிலைதான் விட்டிருக்கிறீர்" என்றார். இரண்டு கிழமை நான் மண்டபப் பக்கமே போகவில்லை. அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பல்கலைக்கழகம் விளையாட்டுத்துறைக்குப் புதிய பணிப்பாளரை நியமித்தது. ஒருகாலத்தில் படகு வலித்தவராம். கதவளவு தோள், மிகவும் மெல்லிய குரல். எதற்கும் நன்றி சொல்வார். வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "என் நியமனத்தைப் பற்றி ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்? ஒரு பக்கத்தில் தொகுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். முன்பு அமெரிக்காவில் இருந்தவர். அங்கே பல்கலைக்கழகப் பணிப்பாளர் மாறினால் ஊரே இரண்டுபடுமாம், உருவப்பொம்மை கொளுத்துவார்களாம்.

நான் துறையின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஜிம் பாய் விற்கும் கம்பனி ஒன்றின் விளம்பரம் இருந்தது. நீலநிறத் தண்ணீர்ப் போத்தலைக் கண்டீர்களா என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். வேறொன்றும் இல்லை.

புதன்கிழமை மண்டபத்தில் இதை ரசிகரிடம் சிரிப்பாகச் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. மிக்சர் எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"வரவேற்பு?"

"இல்லை."

"கண்டனம்? ஒரு சின்னக் கண்டனம்?"

"ஆருக்கு அண்ணை நேரம்?"

"என்ன பிள்ளை இது! ஒரு மனிசன் பெரிய பதவிக்கு வந்து மூண்டு நாளாச்சு. ஒருத்தன் மாலை போடேல்லை, ஒருத்தன் ஒழிக எண்டு சொல்லேல்லை. அந்தாள் வீட்டை போய் மனிசிக்கு என்னத்தைச் சொல்லும்?"

அன்றைக்கு மூன்றாம் சுற்று முழுக்க அவர் கத்தவேயில்லை. பெடியங்கள் பந்தைப் போட்டுவிட்டு அடிக்கடி அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த திங்கள் தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, 'கரப்பந்தாட்ட ஆதரவாளர் சங்கம்' என்று தலைப்பிட்டு, முத்திரை குத்தி, பணிப்பாளரின் வருகையை வரவேற்றிருந்தது. இரண்டாவது, 'கரப்பந்தாட்ட ஆதரவாளர் சங்கம் (மறுசீரமைக்கப்பட்டது)' என்ற தலைப்பில் வந்திருந்தது. பணிப்பாளரை அது வன்மையாகக் கண்டித்தது. இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தாலும் நம்முடைய சனத்தின் கைவண்ணம் ஒளிந்திருக்குமா? மூன்று தமிழர் கூடினால் நாலு சங்கம் என்று நாங்களே எங்களைப் பழிப்போம். ஒரு மனிதர் தனக்குள்ளேயே பிரிந்து போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு கடிதத்திலும் கையெழுத்து ஒன்றுதான். ஒன்று நீல மையில், மற்றது சிவப்பில்.

பணிப்பாளருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இங்கே உண்மையான அபிப்பிராயங்கள் இருக்கின்றன!" என்று சிவப்பு மைக் கடிதத்தை உயர்த்திப் பிடித்தார். கையெழுத்துகளைக் காட்டினேன். ஒரே குடும்பத்தவராக இருக்கலாம், குடும்பங்களுக்குள் இப்படிப் பிரிவது சோகம்தான் என்றார். பிறகு கண்டனக் கடிதத்தின் மூன்றாம் பந்தியை எனக்கு வாசித்துக் காட்டினார். "யாருமே பார்க்காத ஒரு விளையாட்டுக்கு மண்டபத்தை ஒதுக்கி வீணாக்கும் பணிப்பாளரை நாம் கண்டிக்கிறோம். கரப்பந்தாட்டத்தை நிறுத்தி அந்த மண்டபத்தை எல்லா மாணவரின் பாவனைக்கும் விட அவருக்குத் துணிவில்லையா?"

அந்த மண்டபத்தில் உடற்பயிற்சி இயந்திரங்கள் போடலாமா என்று பணிப்பாளர் வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். அளவுநாடா பிடித்ததை நானே பார்த்தேன்.

மதியம் வெளியே போய் நின்று ரசிகருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? எங்கட கரப்பந்தாட்டத்தையே மூடச் சொல்லி எழுதியிருக்கிறியளே! விசரோ உங்களுக்கு?"

"கண்டனம் எண்டால் எதையெண்டாலும் கண்டிக்க வேணும்தானே பிள்ளை. புதுசா வந்த மனிசன், ஒரு பிழையும் செய்யேல்லை. ஆளைப் பற்றிக் கூடாமல் எழுத எனக்கு மனம் வரேல்லை. அதுதான் எங்கட பக்கத்தைப் பற்றி எழுதினன்."

"அவர் அதைப் பிடிச்சுக்கொண்டு கூட்டம் வைக்கப் போறார். இரண்டு சங்கத்தையும் வரட்டாம்."

மறுமுனையில் சமையற்கூடத் தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன.

"அப்ப அந்தக் கடிதம் நான் சும்மா எழுதினது, விடுங்கோ எண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"அதெப்பிடிப் பிள்ளை? மறுசீரமைச்சவை சொன்னதிலையும் ஒரு நியாயம் இருக்கு. சனம் பாக்க வாறேல்லைத்தானே. பாக்கிறது நான் மட்டும்தான் எண்டு தெரிஞ்சால் அதுக்கும் மூடுவினம். ரெண்டு சங்கம் எண்டே இருக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால் ஆதரவாளர் ஒரேயொருவர், மண்டபம் போய்விடும். சொல்லாவிட்டால் ஆதரவாளரில் பாதிப்பேரே மூடச் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அவருடைய புதன்கிழமை அந்தக் கடிதத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது.

கூட்டம் வியாழன் காலை பதினொரு மணிக்கு. பணிப்பாளரின் சொற்படி இருபத்துநான்கு கதிரை போட்டு, நாலு தட்டு சாண்ட்விச் அடுக்கி வைத்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க நம்முடைய ரசிகர் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி, கக்கத்தில் இரண்டு ஃபைல். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் இருபத்தொரு வெற்றுக் கதிரையைப் பார்த்தபடி காத்திருந்தோம்.

"மற்ற உறுப்பினர்கள்?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"என்னைப் பேசச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"மறுசீரமைக்கப்பட்ட சங்கம்?"

"அவர்களும் என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இரு தரப்பும் நம்பக்கூடிய ஆள் வேறு ஒருவரும் இல்லை."

பணிப்பாளர் அதை வெகு மரியாதையுடன் ஏற்றுக்கொண்டு தலையசைத்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. வாயை மூடிக்கொண்டு விசைப்பலகையைப் பார்த்தேன்.

அவர் முதல் ஃபைலைத் திறந்து கரப்பந்தாட்டத்துக்காகப் பேசினார். அந்தப் பெடியங்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், யாருக்கு முழங்கால் நோ, எவன் தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் வந்து விளையாடினான், எல்லாம் சொன்னார். பத்து வருஷம் அங்கே வேலை பார்த்த எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, எதிர்ப்பக்கக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டாவது ஃபைலைத் திறந்து, தான் அதுவரை சொன்னதையெல்லாம் வெட்டிப் பேசினார். பாவி மனிதர், அந்தப் பக்கத்தில் இன்னும் திறமாகப் பேசினார். ஒருதரம் ஜன்னல் பக்கத்து வெற்றுக் கதிரையைப் பார்த்துக் கைநீட்டி, "முந்திப் பேசிய கனவான் உணர்ச்சிவசப்படுகிறார்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அண்ணை, கொஞ்சம் பிழையாகப் பேசித் தொலையுங்கோ என்று மேசைக்கடியில் காலால் உதைக்கலாம் போலிருந்தது. எட்டவில்லை.

"அங்கத்தவர் எண்ணிக்கை?" என்றார் பணிப்பாளர்.

"சமம்."

வாக்கெடுப்பு நடந்தது. மண்டபத்தைக் கரப்பந்தாட்டத்துக்கு வைத்திருப்போர் என்றபோது ஜன்னல் பக்கம் போய்க் கையை உயர்த்தினார். மூடுவோர் என்றதும் சுற்றி வந்து இந்தப் பக்கத்தில் உயர்த்தினார். நான் பதிவு செய்தேன். ஒன்றுக்கு ஒன்று.

பணிப்பாளர் பேனையை மூடினார். என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பலகாலமாக இங்கே இருக்கிறீர்கள். நீங்களும் ஓர் ஆதரவாளர் என்றால் வாக்களிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். குரலில் கள்ளமில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

அந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் நாலு பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும் என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. பட்டியல் அவர் கையில். என் கணவர் முதுகு நோவால் வேலையை விட்டு எட்டு மாதம். இந்தக் காரணங்களை நான் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றும் ஓடவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. ஒரு கை. அதை உயர்த்தியிருந்தால் இரண்டுக்கு ஒன்று, மண்டபம் நின்றிருக்கும்.

"நான் குறிப்பு எடுக்க மட்டும்தான் வந்தேன்" என்றேன்.

"ஓமோம்," என்று அவர் உடனே தமிழில் சொன்னார், "பிள்ளை வேலையிலை நிக்குது." பிறகு அதை ஆங்கிலத்திலும் பணிப்பாளருக்கு விளங்கப்படுத்தினார்.

சமமாக இருப்பதால் முடிவு தன்னுடையது என்று பணிப்பாளர் சொன்னார். வரும் பருவத்திலிருந்து மண்டபத்தில் இயந்திரங்கள் வரும், அணி மூன்று மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் செவ்வாய் அதிகாலையில் விளையாடலாம். செவ்வாய் அதிகாலை ரசிகருக்கு வேலை. அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பணிப்பாளர் என்னிடம், "மிகவும் சமநிலையான ஆதரவாளர்கள்" என்று பாராட்டினார்.

லிஃப்ட் வரைக்கும் ரசிகரோடு போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. "சாண்ட்விச் கொஞ்சம் கட்டித் தரட்டே அண்ணை?" என்றுதான் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "நல்ல கூட்டம் பிள்ளை. ஒழுங்கா நடந்தது" என்றார்.

கடைசிப் புதன்கிழமைக்கும் வந்தார். மேல்மாடிக் கண்ணாடியால் பார்த்தேன். மெத்தையைப் போட்டு உட்கார்ந்து முடியுமட்டும் கத்தினார். பெடியங்கள் தோற்றார்கள். அவர் மெத்தையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் இறங்கிப் போகவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவரை நான் காணவேயில்லை.

இயந்திரங்கள் வந்து இறங்கிய கிழமை பணிப்பாளர் சிரித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். புதிய தலைப்பு, புதிய முத்திரை. 'கூட்டக் குறிப்பாளர் ஆதரவுச் சங்கம்' என்று இருந்தது.

"மேற்படி கூட்டத்தில் குறிப்பெடுத்த அலுவலர் தமது கடமையைச் சரிவரச் செய்தார். அவருக்கு வீடும் குடும்பமும் உண்டு. அவர் கை உயர்த்தவில்லை என்று எவராவது முறைப்பாடு செய்தால், எமது சங்கம் அவர் பக்கம் நிற்கும் என்பதை அறியத் தருகிறோம்."

"உங்களுக்கு ரசிகர் சங்கமே இருக்கிறது! யாராவது உங்கள்மேல் முறைப்பாடு செய்தார்களா என்ன?" என்று பணிப்பாளர் கேட்டார்.

இல்லை என்றேன். அப்படி முறைப்பாடு செய்ய உரிமையுள்ள ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய கையெழுத்து அந்தக் கடிதத்தின் அடியில் இருந்தது.